மூண்டு அடுப்புக்கல்

போன ஆவணியில ஒரு சனிக்கிழமை இரவு, அம்மம்மா புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுட்டு விறாந்தையில வெத்திலைத் தட்டத்தோட இருக்கேக்க அண்ணை வட்ஸ்அப்ல வந்தவர். அண்ணை எண்டது என்ர பெரியம்மான்ர மகன், கனகாலம் ரொறன்ரோவில இருந்திட்டு இப்ப மூண்டு வருசமா இக்கலுவிட் எண்ட இடத்தில கட்டட வேலை. இக்கலுவிட் கனடான்ர வடக்கில நுனாவுட் எண்ட பிரதேசத்தின்ர தலைநகர், அங்கை ரோட்டால போகேலாது, பிளேன், இல்லாட்டி கோடையில கப்பல், மரம் எண்டு சொல்லக்கூடியது ஒண்டும் இல்லை. ஊரில இருந்து 12 கிலோமீற்றர் அளவில தள்ளி கௌமார்வீட் எண்டு ஒரு சின்னத் தீவு, முதல்நாள் கூட வேலை செய்யிற ஒராள் போட்ல கூட்டிக்கொண்டு போனவராம், அங்கை எடுத்த வீடியோவை அம்மம்மாவுக்குக் காட்டத்தான் கோல் எடுத்தவர்.

வீடியோவில புல்லு, பாசி, அதுக்குள்ள தரையில தாண்டு கிடக்கிற ஒரு வட்டப் பள்ளம், சுத்திவரக் கல்லு, ஒரு பக்கம் ஒடுக்கமா ஒரு வழி, பின்பக்கம் தட்டைக் கல்லு பரப்பின ஒரு மேடை. எனக்கு அது கல்லுக் கும்பி மாதிரித்தான் தெரிஞ்சது. அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கிக் கிட்டப் பிடிச்சுப் பாத்திட்டு, "உது வீடெல்லோ மோனை. உதாலதான் உள்ளுக்கை போறது. உதில படுக்கிறது" எண்டு சொன்னா. அண்ணைக்குச் சரியான சந்தோசம், ஓம் அம்மம்மா, ஒரு 700 வருசத்துக்கு மேல இருக்கும், இனுவிட் சனத்தின்ர முன்னோர் இருந்த வீடு எண்டார். அம்மம்மா திரும்ப ஒருக்கா வீடியோவைப் போடச் சொல்லிப் பாத்தா. பேந்து கேட்டா, "அப்ப அடுப்படி எங்கை?"

அண்ணைக்குத் தெரியேல்லை. எனக்கும் தெரியேல்லை. நான் பள்ளிக்கூடத்தில வரலாறு படிப்பிக்கிறனான், இனுவிட் சனத்துக்கு முந்தி எஸ்கிமோ எண்டுதான் சொல்லுறது, எஸ்கிமோ எண்டா ஐஸ் வீடு எண்டு சின்ன வயசில படிச்சதோட சரி, அதுக்கு அங்கால எனக்கு ஒண்டும் தெரியாது எண்டது அண்டைக்குத்தான் உறைச்சது. பேந்து ரெண்டு மூண்டு மாசமா கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் இதைத்தான் வாசிச்சுக்கொண்டு இருக்கிறன், அம்மம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் பின்னேரம் தேத்தண்ணியோட கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லுறன், அவ கேக்கிற கேள்விக்கு மறுமொழி இல்லாட்டி திரும்பப் போய் வாசிக்கிறன்.

முதல் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லுறன். அந்த ஒடுக்கமான வழி வாசல்தான், அம்மம்மா சொன்னது சரி, ஆனா அதைச் சும்மா வாசலா மட்டும் கட்டேல்லை, வீட்டுத் தரையை விடப் பதிவா வெட்டியிருக்கினம். குளிர் காத்துப் பாரம், அது பள்ளத்திலயே தங்கி நிண்டிடும், சூட்டுக் காத்து மேல எழும்பும், படுக்கிற மேடை உயரத்தில இருக்கிறபடியா சூடெல்லாம் படுத்திருக்கிற ஆக்களுக்கு. கதவைத் திறந்து வச்சாலும் குளிர் ஏறி வராது. கூரைக்கு மரம் இல்லை, திமிங்கிலத்தின்ர விலா எலும்பையும் தாடை எலும்பையும் வளைவா நட்டு, மேல தோல் போட்டு, அதுக்கு மேல புல்லோட வெட்டின மண்கட்டியை அடுக்கிறது. எங்கட பழைய மண்வீட்டில கிடுகுக் கூரையை ஏன் அவ்வளவு பதிச்சு இறக்கினவை, குனிஞ்சு தான் உள்ளுக்கை போகோணும், வெய்யில் உள்ளுக்கை வராது, தரைக்குச் சாணி மெழுகி வைகாசி வெக்கையிலயும் குந்தில சாய்ஞ்சா நித்திரை வரும். அதே யோசனைதான், அவை குளிருக்குச் செய்திருக்கினம், நாங்கள் சூட்டுக்கு.

அடுப்படிக்கு மறுமொழி என்னெண்டா, அவைக்கு விளக்குத்தான் அடுப்பு. குல்லிக் எண்டு சொல்லுவினம், மாக்கல்லில அரைவட்டமாக் குடைஞ்ச ஒரு தட்டு, அதுக்குள்ள சீல் எண்ட கடல் மிருகத்தின்ர கொழுப்பு, ஓரத்தில நேர்வரிசையா பாசியையும் ஒருவகைப் புல்லுப் பஞ்சையும் திரியா வைக்கிறது. அதாலதான் வெளிச்சம், அதாலதான் சூடு, அதுக்கு மேல கல்லுச் சட்டியைத் தொங்கவிட்டுத்தான் சமையல், ஈர உடுப்புக் காய வைக்கிறதும் அதுக்கு மேலதான். பொம்பிளையள்தான் பாக்கிறது, திரி புகையாமல் நாள் முழுக்கத் தட்டித் தட்டிச் சரிசெய்யோணும். அம்மம்மா இதைக் கேட்டுட்டு, "அப்ப அவளுக்கு இருந்த இடத்தில இருந்து எழும்ப ஏலாதே" எண்டு சொன்னா. அவவுக்கு அந்த முகம் தெரியாத பொம்பிளையில ஒரு பச்சாதாபம்.

அந்த வீட்டைக் கட்டினவையைத் தூலே மக்கள் எண்டு சொல்லுறது. அலாஸ்காப் பக்கம் இருந்து 1000ம் ஆண்டுக்கும் 1200க்கும் இடையில கிழக்கை வெளிக்கிட்டு கனடா முழுக்கக் கடந்து கிரீன்லாந்து மட்டும் போனவை. நாய் பூட்டின சறுக்கு வண்டி, தோலால கட்டின பெரிய வள்ளம், திமிங்கிலம் அடிக்கிற எறிஈட்டி, அந்த ஈட்டியின்ர முனை உடம்புக்குள்ள போனோடன குறுக்கால திரும்பி நிக்கும், கழண்டு வராது. இண்டைக்கு இருக்கிற இனுவிட் சனம் இவையின்ர பிள்ளையள். இதை எப்பிடிக் கண்டுபிடிச்சவை எண்டா 1921ல இருந்து 1924 வரைக்கும் குனூட் ராஸ்முசன் எண்டவர் ஒரு குழுவோட போனவர், அவர் கிரீன்லாந்தில பிறந்து வளர்ந்தவர், அந்தப் பாஷை தாய்ப்பாஷை மாதிரி, நாய்வண்டியில அலாஸ்கா மட்டும் போயிருக்கிறார், போற வழியெல்லாம் அவர் கதைச்சது சனத்துக்கு விளங்கியிருக்கு. அவ்வளவு தூரத்துக்கு ஒரே பாஷை! எனக்கு அதை வாசிக்கேக்க மேல் சிலிர்த்தது.

ஆனா தூலே ஆக்கள் வரேக்க அங்கை வேற சனம் இருந்தது. இனுவிட் பெரியாக்கள் சொல்லுற கதையில அவையின்ர பேர் துனீட். நல்ல பலசாலியள், வால்ரஸ் எண்ட தந்தம் வச்ச பெரிய கடல் மிருகத்தை ஒராளாவே பனிக்கு மேலால இழுத்துக்கொண்டு போவினமாம், ஆனா கூச்ச சுபாவம், சண்டைக்கு வராயினம், தள்ளித் தள்ளிப் போட்டினமாம். தொல்லியல்காரர் டோர்செட் எண்டு சொல்லுறது இவையைத்தான். அம்பு வில்லு இல்லை, துளை போடுற துரப்பணமும் இல்லை, எலும்பில ஓட்டை வேணுமெண்டா கீறிக் கீறித்தான் எடுத்திருக்கினம், ஆனா எலும்பிலயும் தந்தத்திலயும் செதுக்கின சின்னக் கரடியும் ஆள் முகமும் பாத்தீங்களெண்டா கண்ணை எடுக்க ஏலாது. 700 வருசத்துக்கு முன்னம் அளவில இல்லாமல் போட்டினம். நாங்கள் பள்ளிக்கூடத்தில இயக்கர் நாகர் எண்டு படிச்சம், அம்மம்மா வேடர் இருந்த காடு எண்டு சில இடங்களைக் காட்டுவா. வாற சனம் எல்லாம் தங்களுக்கு முன்னம் இருந்தவையை இப்பிடிக் கதையாத்தான் ஞாபகம் வச்சிருக்கினம் போல.

துனீட்டுக்கும் முன்னம்? அதுதான் என்னைப் பிடிச்சு வச்சிருக்கிற பகுதி.

ஆசியாவில இருந்து அமெரிக்காக் கண்டத்துக்கு ஆக்கள் போனது பனிக்காலத்தில. தண்ணியெல்லாம் பனியா நிலத்தில உறைஞ்சு கிடக்க, கடல் இப்ப இருக்கிறதை விட 120 மீற்றர் அளவில கீழ நிண்டது, சைபீரியாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவில கடல் இல்லை, பெரிய புல்வெளி. அலாஸ்காவில 14,000 வருசம் பழைய இருப்பிடங்கள் கிடைச்சிருக்கு. ஆனா கனடான்ர உச்சி வடக்கும் கிரீன்லாந்தும் அதுக்குப் பிறகும் ஆயிரமாயிரம் வருசம் ஆள் இல்லாமல் கிடந்தது, பனி இறங்க வேணும், மிருகம் வரவேணும். ஒரு 4,500 வருசத்துக்கு முன்னம்தான் முதல் ஆக்கள் போய்ச் சேந்தவை. அவையின்ர கல்லாயுதங்கள் சரியான சின்னன், நகத்தளவு கல்லுச் சீவலை எலும்புப் பிடியில இறுக்கிப் பாவிக்கிறது. ஏன் சின்னன் எண்டு எனக்கு உடன விளங்கிச்சு. நாங்களும் நடந்த ஆக்கள். 2008 கடைசியில இருந்து 2009 வைகாசி மட்டும் எத்தினை தரம் இடம்பெயர்ந்தனாங்கள், முதல் தரம் லான்ட்மாஸ்டரில தையல் மெசினும் அலுமாரியும் ஏத்தினது, கடைசித் தரம் ஒரு சொப்பிங் பாக். நடக்கிற ஆக்கள் பாரமா ஒண்டும் வச்சிருக்கேலாது.

(இதில ஒண்டு சொல்லோணும். எங்கட இரணைமடுவின்ர பேரிலயே ஒரு மண்படிவு இருக்கு, இரணைமடுப் படிவு எண்டு புவியியல்காரர் வச்ச பேர், அதுக்குள்ளயும் கல்லாயுதங்கள் கிடைச்சிருக்கு, தெற்குக் கரையில அதே படிவில கிடைச்சதுக்கு ஒரு இலட்சம் வருசத்துக்கு மேல வயசு சொல்லினம். குளத்துக்கு மீன் வாங்கப் போற நாங்கள் எதுக்கு மேல நடக்கிறம் எண்டு யோசிக்கிறேல்லை. என்ர பிள்ளையளுக்கு வகுப்பில இதைச் சொன்னப்ப ஒரு பெடியன் அடுத்தநாள் ஒரு சொப்பிங் பாக் நிறையக் கல்லுப் பொறுக்கிக்கொண்டு வந்தவன்.)

கிரீன்லாந்தின்ர வடக்கு நுனியில பியரி லாண்ட் எண்டு ஒரு இடம், அதுக்கு மேல நிலமே இல்லை, கடலும் பனியும்தான். மாரியில மாசக்கணக்கில சூரியன் வராது. 1948ல டென்மார்க்கைச் சேர்ந்த எய்கில் நூத் எண்டவர் அங்கை கல்லு வரிசையளைக் கண்டவர். ஒரு கூடாரம் நிண்ட வட்டம், அதுக்கு நடுவால ரெண்டு வரிசை தட்டைக் கல்லு நிமித்தி நட்டுக்கிடக்கு, அந்த ரெண்டு வரிசைக்கும் நடுவில, வீட்டின்ர நெஞ்சு மாதிரி, நாலு கல்லால பெட்டி மாதிரிக் கட்டின ஒரு அடுப்பு. உள்ளுக்கை கரி, எரிஞ்ச எலும்பு. அந்தக் குளிரில ஒண்டும் உக்காது, மேல பத்தை மண்டாது, 4,000 வருசத்துக்கு மேலாகியும் வச்ச கல்லு வச்ச இடத்தில. எரிச்சது என்னெண்டா சைபீரியா ஆறுகள் கடலுக்குத் தள்ளி, பனியோட மிதந்து வந்து கரையொதுங்கின மரம், முழங்கால் உயரம் வராத வில்லோச் செடி, மஸ்க் ஒக்ஸ் எண்ட சடைமாட்டின்ர காஞ்ச சாணி. அந்த இருட்டு மாசங்கள்ல விறகு மிச்சம் பிடிக்கத் தோலைப் போத்துக்கொண்டு கிட்டத்தட்ட நித்திரையிலயே கிடந்திருப்பினம் எண்டு நூத் நினைச்சார்.

மேற்குக் கிரீன்லாந்தில அதே காலத்து ஆள் ஒராளின்ர தலைமயிர்க் கொத்து ஒண்டு கிடைச்சு, 2010ல அதின்ர மரபணு முழுக்க வாசிச்சிருக்கினம். மண்ணிறக் கண், தலை மொட்டை விழக்கூடிய ஆள், அவற்ற கிட்டின சொந்தம் இப்பவும் சைபீரியாவில இருக்கிற சனம். ஒரு கொத்து மயிரில இருந்து இவ்வளவும்.

"அப்ப அடுப்பு இருந்திருக்கு" எண்டு அம்மம்மா சொன்னா. ஆறுதலாச் சொன்னா. அந்த ஆறுதல் எங்கை இருந்து வருது எண்டு எனக்குத் தெரியும்.

2010ல நாங்கள் முகாமில இருந்து திரும்பி வரேக்க வீடு எண்டு ஒண்டும் இல்லை. கூரை இல்லை, கதவு நிலை கழட்டிக்கொண்டு போட்டினம், வளவு முழுக்க நாயுருவியும் எருக்கலையும் ஆளுயரத்துக்கு, எந்தப் பக்கம் வாசல் எண்டே மட்டுக்கட்ட ஏலேல்லை. மிதிவெடி எடுத்து முடிஞ்சுது எண்டு சொன்னாலும் கால் வைக்கப் பயம். அம்மா ரோட்டில நிண்டு அழுதுகொண்டு நிண்டவ. அம்மம்மா அழேல்லை, ஒரு தடியை எடுத்து பத்தையைத் தட்டித் தட்டிப் போனா, கிணத்தடியில இருந்து காலடி எண்ணினா, ஒரு இடத்தில குந்தி இருந்து கையால சருகைத் தள்ளினா. மூண்டு கருங்கல்லு. ஒரு கல்லின்ர மூலை சொட்டை, அது தாத்தா கோடாலியின்ர பின்பக்கத்தால அடிச்சு உடைச்சது எண்டு சொல்லுவா. வெளிப்பக்கம் மழையில வெளுத்திருந்தது, உள்பக்கம், நெருப்புப் படுற பக்கம், அப்பவும் கறுப்பு. விரலால தடவி எங்களுக்குக் காட்டினா, கரி ஒட்டியிருந்தது. அண்டைக்குத் தறப்பாள் கட்ட முன்னமே அந்தக் கல்லில மூண்டு சுள்ளியை மூட்டி பிளேன்ரீ வச்சுத் தந்தவ.

பேந்து காணிப் பிரச்சினை. பெர்மிட் முள்ளிவாய்க்கால்ல போச்சு, எங்களுக்கு மட்டுமில்லை, பாதிச் சனத்துக்கு அப்பிடித்தான். ஒரு அலுவலகத்தில "ஆதாரம் ஏதும் இருக்கோ" எண்டு கேட்டவை. அம்மம்மா, "அடுப்படி கிடக்கு தம்பி, கிணறு கிடக்கு, என்ர மாமி நட்ட புளி கிடக்கு, வந்து பாருங்கோ" எண்டு சொன்னா. அந்தப் பிள்ளை மரியாதையாத்தான் கேட்டுக்கொண்டு இருந்தது, ஆனா ஃபோம்ல அதை எழுத ஒரு கோடு இல்லை. ஏழு வருசம் அலைஞ்சம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கு, அதை நான் மறைக்கேல்லை.

அதனாலதான் 1953ல நடந்ததை வாசிக்கேக்க என்னால அப்பால போக ஏலாமல் போச்சு. கியூபெக்கின்ர வடக்கில இனுக்ஜுவாக் எண்ட ஊர். அங்கை இருந்த இனுவிட் குடும்பங்களை கனடா அரசாங்கம் கப்பலில ஏத்தி 2,000 கிலோமீற்றர் வடக்கை கொண்டுபோய் இறக்கினது, 1955ல இன்னும் கொஞ்சம், எல்லாமா ஒரு 90 பேர் அளவில. நல்ல வேட்டை இருக்கு, பிடிக்காட்டி ரெண்டு வருசத்தில திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவம் எண்டு சொன்னவை. கூட்டிக்கொண்டு வரேல்லை. எல்லாரும் ஒரே இடத்துக்குப் போறம் எண்டு நினைச்சுக்கொண்டு ஏறின சனத்தை, கப்பலில வச்சு வேற வேற இடத்துக்கு எண்டு பிரிச்சிருக்கினம், அந்த இடத்தில நான் போனைக் கீழ வச்சிட்டன். முதல் மாரி முழுக்கத் துணிக்கூடாரத்தில. தெற்கில அவைக்கு மாரியிலயும் கொஞ்சமாவது சூரியன் இருக்கும், அங்கை மாசக்கணக்கில இருட்டு, எந்தப் பக்கம் பனி வெடிக்கும், எங்கை சீல் மூச்சு விட வரும், ஒண்டும் தெரியாது. அவை அந்த ரெண்டு இடத்துக்கும் வச்ச பேர், அவுயுயிட்டுக், பனி உருகாத இடம். கவுசுயிட்டுக், விடியல் இல்லாத இடம். 2010 ஆவணியில தான் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. நாங்கள் அந்த வருசம் தறப்பாளுக்குக் கீழ இருந்தனாங்கள்.

வெறும் நிலம், நாங்கள்தான் குடியேத்திறம் எண்டு அதிகாரியள் நினைச்ச கவுசுயிட்டுக்கில, கரையோட பழைய தூலே வீடுகள் கிடக்கு, திமிங்கில எலும்போட. ஒருகாலத்தில ஆக்கள் தாங்களாத் தேடிப்போய் இருந்திட்டு, குளிர் கூடித் திமிங்கிலம் வராமல் விட, தாங்களா விட்டுட்டுப் போன இடம். தானாப் போறது வேற, கொண்டுபோய் விடுறது வேற. இதை வன்னியில ஒருத்தருக்கும் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பேர் வைக்கிறதைப் பற்றிச் சொல்லேக்க அம்மம்மா ஒட்டுசுட்டானைச் சொன்னா. குரக்கன் வெட்டின ஒட்டைச் சுட்ட இடம், சுடேக்கதான் லிங்கம் தெரிஞ்சது எண்டு கோயில் கதை. பேரைச் சொன்னாலே அந்த நிலத்தில என்ன செய்தவை எண்டு தெரியுது, முறிப்பு எண்டா குளம் உடைச்ச இடம், மடு எண்டா ஆழம். நுனாவுட் எண்டாலும் அப்பிடித்தான், எங்கட நிலம் எண்டு அர்த்தம்.

அந்த நுனாவுட் எப்பிடி வந்தது எண்டதுதான் கடைசியா நான் அவவுக்கு வாசிச்சுச் சொன்னது. 1973ல இருந்து மில்ரன் ஃப்ரீமன் எண்டவற்ற தலைமையில ஒரு வேலை தொடங்கினது, வேட்டைக்காரரைக் கூப்பிட்டு முன்னால வரைபடத்தை விரிச்சு வச்சு, நீங்கள் உங்கட வாழ்நாளில எங்கை எங்கை போய் வேட்டையாடினீங்கள், எங்கை கூடாரம் போட்டீங்கள், எங்கை மீன் பிடிச்சீங்கள், நீங்களே கீறுங்கோ எண்டு பேனையைக் குடுத்திருக்கினம். ஊர் ஊரா. கரடிக்கு ஒரு கோடு, சீலுக்கு ஒரு கோடு, கலைமானுக்கு ஒரு கோடு. 1976ல அது மூண்டு தொகுதியா வந்தது. வெறும் வெள்ளையாக் கிடந்த வரைபடத்தில வெள்ளை இடமே இல்லை. 1993ல காணி ஒப்பந்தம், அதில 350,000 சதுர கிலோமீற்றர் அளவு நிலம் இனுவிட் சனத்தின்ர சொந்தப் பேரில, 1999 சித்திரை 1ம் திகதி நுனாவுட் தனிப் பிரதேசம். பெரியாக்களின்ர ஞாபகத்தை ஆதாரமா எடுத்திருக்கினம். ஃபோம்ல கோடு இருந்திருக்கு.

நான் வாசிச்சு முடிக்க அம்மம்மா ஒண்டும் சொல்லேல்லை. அடுத்தநாள் பின்னேரம் மகளின்ர சித்திரக் கொப்பியும் பென்சிலும் கேட்டா. அவவுக்கு 84 வயசு, கை நடுங்கும், கையெழுத்துப் போடவே நேரம் எடுக்கும். முதல் குளக்கட்டைக் கீறினா, பேந்து துருசு, வாய்க்கால், வான் பாயிற இடம். தேனுக்குப் போற பாதையை விட்டு விட்டுக் கீறி, இதில ஒரு பாலை, இதில தான் ஐயனாருக்குக் குழை முறிச்சுப் போட்டுக் கும்பிட்டுட்டு உள்ளுக்கை இறங்கிறது எண்டு சொல்லிக்கொண்டு போனா. நான் பக்கத்தில இருந்து பேரை எழுதினன். எங்கட வீட்டுக்கு மூண்டு சின்ன வட்டம் போட்டா, அடுப்புக்கல்லு. பெரியம்மா வீட்டுக்கு மூண்டு. இப்ப ஆக்கள் இல்லாத ரெண்டு வளவுக்கும் அப்பிடியே மூண்டு மூண்டா.

பேந்து குளத்துக்குக் கிழக்கை, காட்டுக்கரையில, ஒண்டுமே இல்லாத ஒரு இடத்திலயும் மூண்டு வட்டம் போட்டா. அது ஆற்ற வீடு அம்மம்மா எண்டு கேட்டன்.

"தெரியாது மோனை. நான் கலியாணம் கட்டி வரேக்கையே கல்லு மட்டும்தான் கிடந்தது."